பள்ளி மேம்பாட்டுத் திட்டம் தயாரிப்பது எப்படி: தகவல் திரட்டுவது முதல் மாதாந்திர ஆய்வு வரை

பள்ளியை முன்னேற்ற ஒரு திட்டம் எழுதுங்கள் என்றால் வழக்கமாக நடப்பது இதுதான். ஒவ்வொரு பாட ஆசிரியரிடமும் அவரவருக்கு வேண்டியதைக் கேட்டு வாங்குவார்கள். எல்லாவற்றையும் தொகுத்தால் இருபத்தைந்து, முப்பது இலக்குகள் சேரும். அழகாக அச்சிட்டு, கையெழுத்து வாங்கி, நிர்வாகத்துக்கோ மேலதிகாரிக்கோ அனுப்பிவிடுவார்கள். பள்ளி திறந்த இரண்டாவது மாதம் அந்த முப்பதில் ஐந்துகூட யாருக்கும் நினைவிருக்காது. ஆசிரியர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. முப்பது புதிய வேலைகளை ஒரே நேரத்தில் தூக்கிச் சுமக்க எந்தப் பள்ளியிலும் நேரம் கிடையாது.

ஓர் ஆண்டில் ஒரு பள்ளியால் இரண்டு அல்லது மூன்று விஷயங்களைத்தான் உண்மையாகவே மாற்ற முடியும். அந்த மூன்று எவை என்று தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். பிறகு அவை நடக்கின்றனவா என்று மாதாமாதம் உட்கார்ந்து பார்க்க வேண்டும். கீழே வரும் படிகள் எல்லாம் இந்த இரண்டு வேலைகளுக்காகத்தான்.

புதிய கல்வியாண்டு தொடங்க நான்கு மாதம் இருக்கும்போதே ஆரம்பித்துவிடுங்கள். தகவல் திரட்ட ஆறு வாரம், காரணம் தேடி முன்னுரிமை முடிவு செய்ய நான்கு வாரம், எழுத மூன்று வாரம், எல்லோரிடமும் காட்டித் திருத்த மீதி. திட்டத்தின் திசை மூன்று ஆண்டுகளுக்கு இருக்கலாம். ஆனால் விரிவான செயல்திட்டத்தை முதல் ஆண்டுக்கு மட்டும் எழுதினால் போதும். மூன்றாம் ஆண்டில் எந்த வாரம் என்ன பயிற்சி என்று இப்போதே எழுதுவது வீண் வேலை. முதல் ஆண்டு முடியும்போது நமக்குத் தெரிந்திருப்பது வேறாக இருக்கும்.

படி 1: குழுவை அமைத்தல்

தலைமை ஆசிரியர் தனியாக உட்கார்ந்து எழுதும் திட்டம் அவருடைய திட்டமாகவே நின்றுவிடும். ஏழு முதல் ஒன்பது பேர் கொண்ட குழு சரியான அளவு. அதற்கு மேல் போனால் பேச்சு நீளும், முடிவு வராது. தலைமை ஆசிரியர், கீழ் வகுப்புகளில் ஒருவர், மேல் வகுப்புகளில் ஒருவர், வந்து ஓரிரு ஆண்டுகளே ஆன இளம் ஆசிரியர் ஒருவர், அலுவலகப் பணியாளர் ஒருவர், பெற்றோர் இருவர் என்று வையுங்கள். மேல்நிலைப் பள்ளியானால் மாணவர் பிரதிநிதிகளும் வேண்டும்.

அலுவலகப் பணியாளரைப் பலர் மறந்துவிடுகிறார்கள். எந்தக் குழந்தை எப்போது மாற்றுச் சான்றிதழ் வாங்கிப் போனது, எந்த வீட்டுக்குப் போன் செய்தால் யார் எடுப்பார்கள் என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். எதைச் சொன்னாலும் கேள்வி கேட்கும் மூத்த ஆசிரியர் ஒருவர் இருப்பார் அல்லவா, அவரையும் குழுவில் சேர்த்துக்கொள்ளுங்கள். அவர் எழுப்பப் போகும் மறுப்புகள் குழுவுக்குள்ளேயே வந்துவிடும். அவர் ஒப்புக்கொண்ட திட்டத்தை ஆசிரியர் அறையில் மற்றவர்களும் நம்புவார்கள்.

இங்கே நம்பிக்கை என்பதைப் பேச்சுக்காகச் சொல்லவில்லை. அமெரிக்காவின் சிகாகோ நகரத் தொடக்கப்பள்ளிகளை 1990களில் தொடர்ந்து ஆராய்ந்த ஆண்டனி பிரைக்கும் பார்பரா ஷ்னைடரும், ஆசிரியர், தலைமை ஆசிரியர், பெற்றோர் ஆகியோரிடையே நம்பிக்கை வலுவாக இருந்த பள்ளிகளே முன்னேறும் வாய்ப்பு அதிகம் என்று கண்டார்கள். ஆகவே முதல் கூட்டத்திலேயே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுங்கள்: இந்த வேலையில் திரட்டும் எந்தத் தகவலும் ஓர் ஆசிரியரின் பணி மதிப்பீட்டுக்குப் போகாது. சொன்னபடி நடந்தும் காட்டுங்கள். ஒருமுறை இதை மீறினால், அடுத்த முறை உங்கள் கைக்கு வரும் தகவல் எல்லாம் மெருகேற்றியதாகத்தான் இருக்கும்.

படி 2: இப்போது எங்கே நிற்கிறோம் என்று பார்த்தல்

நான்கு வகைத் தகவல் வேண்டும்: கற்றல், வருகை, வகுப்பறையில் நடப்பது, ஆட்களின் கருத்து. தேர்ச்சி விழுக்காட்டை மட்டும் வைத்து ஆரம்பிக்காதீர்கள். அது நோய் இருக்கிறது என்று சொல்லும், எங்கே என்று சொல்லாது.

கற்றலைப் பொறுத்தவரை, மொத்த மதிப்பெண்ணை விட்டுவிட்டு விடைத்தாளைக் கேள்வி கேள்வியாகப் பிரித்துப் பாருங்கள். ஓர் உதாரணத்தை எடுத்துக்கொண்டு கடைசிவரை அதையே தொடர்வோம். ஒரு பள்ளியில் ஆறாம் வகுப்பில் இரண்டு பிரிவுகள், மொத்தம் 80 மாணவர்கள். கணக்கில் 46 பேர் பாதி மதிப்பெண்கூட வாங்கவில்லை. உடனே வரும் முடிவு, ‘கணக்குக்குச் சிறப்பு வகுப்பு வைப்போம்’ என்பதுதான். விடைத்தாளைப் பிரித்தால் வேறு படம் தெரிகிறது. 48 ÷ 6 என்று நேரடியாகக் கொடுத்த கணக்கை 61 பேர் சரியாகப் போட்டிருக்கிறார்கள். ‘48 புத்தகங்களை 6 அலமாரிகளில் சமமாக அடுக்கினால் ஓர் அலமாரியில் எத்தனை புத்தகங்கள் இருக்கும்?’ என்ற கணக்கை 24 பேர்தான் சரியாகச் செய்திருக்கிறார்கள். சிலர் பெருக்கியிருக்கிறார்கள், சிலர் கூட்டியிருக்கிறார்கள், பலர் இடத்தை வெறுமையாக விட்டிருக்கிறார்கள். வகுக்கத் தெரிந்தும் இந்தக் கணக்கைத் தவறவிட்டவர்கள் குறைந்தது 37 பேர்.

அந்த 37 பேரில் 12 பேரைத் தனித்தனியாக அழைத்து, கேள்வியை வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். பிறகு, ‘என்ன கேட்டிருக்கிறார்கள், நீயே சொல்லு’ என்று கேளுங்கள். ஏழு பேர் எழுத்துக் கூட்டிப் படிக்கிறார்கள். வாக்கியத்தின் முடிவுக்கு வருவதற்குள் தொடக்கம் மறந்துபோகிறது. மூன்று பேர் தடையில்லாமல் படிக்கிறார்கள், ஆனால் ‘சமமாக’ என்றால் இங்கே என்ன செய்ய வேண்டும் என்று தெரியவில்லை. இரண்டு பேர் புரிந்துகொண்டு கவனக்குறைவால் தவறு செய்தவர்கள். இப்போது பிரச்சினையின் பெயர் மாறிவிட்டது. கணக்கு ஆசிரியரைக் கூப்பிட்டுக் கேள்வி கேட்க வேண்டிய விஷயமாகத் தெரிந்தது, வாசிப்பைப் பற்றியதாகிவிட்டது. பன்னிரண்டு குழந்தைகளுடன் ஒரு மதியம் உட்கார்ந்து பேசியதற்குக் கிடைத்த பலன் இது. இந்தப் படிக்கு எவ்வளவு நேரம் கொடுத்தாலும் தகும்.

வருகைப் பதிவேட்டில் சராசரி நம்மை ஏமாற்றும். 100 மாணவர்கள், 200 வேலை நாட்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். 80 பேர் ஆளுக்கு 8 நாள் வராமல் இருந்தார்கள், 20 பேர் ஆளுக்கு 40 நாள் வரவில்லை. பள்ளியின் சராசரி வருகை 92.8 விழுக்காடு. பார்க்கத் திருப்தியான எண்தான். அதற்குள்ளே 20 குழந்தைகள் ஐந்தில் ஒரு பங்குப் பாடத்தை இழந்து உட்கார்ந்திருக்கிறார்கள். அதனால் சராசரியோடு நிற்காமல், வேலை நாட்களில் 10 விழுக்காடோ அதற்கு மேலோ வராதவர்கள் எத்தனை பேர் என்று எண்ணுங்கள். பல நாடுகளில் தொடர் வராமையைக் கணக்கிடும் அளவுகோல் இதுதான். 200 நாளில் 20 நாள் என்றால், மாதத்துக்கு இரண்டு நாள். யாருக்கும் பெரிதாகத் தெரியாத அளவு. எந்தக் கிழமையில், எந்த வகுப்பில், எந்த வழியில் வரும் பிள்ளைகள் என்று பிரித்தால் காரணமும் பாதி தெரிந்துவிடும்.

வகுப்பறையில் நடப்பதைப் பார்க்கப் போகும்போது ஆசிரியரைக் குறிப்பெடுக்காமல் மாணவரைக் குறிப்பெடுங்கள். ஒரு பாடவேளையில் எத்தனை குழந்தைகள் வாய் திறந்தார்கள், எத்தனை நிமிடம் ஒவ்வொருவரும் தாமாகப் படித்தார்கள், எழுதினார்கள்? இன்னொரு வழி, ஒரே மாணவருடன் காலையிலிருந்து கடைசி மணி வரை எல்லா வகுப்புகளிலும் உட்கார்வது. ஆறேழு பாடவேளை தொடர்ந்து கரும்பலகையைப் பார்த்து எழுதுவது எப்படியிருக்கும் என்பது ஒரே நாளில் புரிந்துவிடும்.

பெற்றோர், மாணவர் கருத்தறிய நீண்ட படிவம் வேண்டாம். மூன்று கேள்விகள் போதும்: பள்ளியில் எது உங்கள் பிள்ளைக்கு உதவுகிறது, எது தடையாக இருக்கிறது, எதை முதலில் மாற்றலாம்? படிவத்தை நிரப்பத் தயங்கும் பெற்றோர்களிடம் வாசலில் நின்று நேரில் கேளுங்கள். கூட்டத்துக்கு வராத வீடுகளின் கருத்துதான் நமக்கு அதிகம் தேவை.

எண்களைப் படிக்கும்போது ஓர் எச்சரிக்கை. இந்த ஆண்டு ஐந்தாம் வகுப்பையும் போன ஆண்டு ஐந்தாம் வகுப்பையும் ஒப்பிட்டால், வேறு வேறு குழந்தைகளை ஒப்பிடுகிறோம். வகுப்பில் 20 பேர்தான் என்றால் ஒரு குழந்தை தேறினாலும் தவறினாலும் 5 விழுக்காடு ஏறி இறங்கும். அதை வளர்ச்சி என்றும் சொல்ல வேண்டாம், சரிவு என்றும் சொல்ல வேண்டாம். அதே குழந்தைகள் ஆண்டின் தொடக்கத்தில் எங்கே இருந்தார்கள், இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று பார்ப்பதே நியாயம்.

படி 3: காரணத்தைத் தோண்டுதல்

டொயோட்டா நிறுவனத்தில் வளர்ந்து உலகமெங்கும் பரவிய ‘ஐந்து ஏன்’ முறை இங்கே நன்றாகவே உதவும். ஒரு பிரச்சினையை எடுத்து ஏன் என்று கேளுங்கள். வந்த பதிலுக்கும் ஏன் என்று கேளுங்கள். ஐந்து என்பது கணக்குக்காகத்தான், மூன்றிலும் முடியலாம். ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. ஒவ்வொரு பதிலையும் போய்ப் பார்த்து உறுதி செய்த பிறகே அடுத்த ‘ஏன்’. அறையில் உட்கார்ந்தபடியே ஐந்து முறை கேட்டால், எல்லோரும் ஏற்கெனவே நம்பியிருந்த இடத்துக்குத்தான் வந்து சேர்வோம். பெரும்பாலும் அந்த இடம், ‘வீட்டில் படிக்க வைப்பதில்லை’ என்பதாக இருக்கும்.

நம் உதாரணத்தில் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வாசிப்பு ஏன் தடுமாறுகிறது? போதுமான அளவு வாசித்துப் பழகவில்லை. ஏன்? வாசிப்புப் பாடவேளை வாரம் இரண்டு இருக்கிறதே? போய்ப் பார்த்தால், நாற்பது நிமிடத்தில் ஆறு பேர் எழுந்து நின்று ஆளுக்கு ஒன்றரை நிமிடம் படிக்கிறார்கள். ஏற்கெனவே நன்றாகப் படிப்பவர்கள்தான் கை தூக்குகிறார்கள். மற்ற 34 பேர் புத்தகத்தைத் திறந்து வைத்துக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். ஏன் அப்படி? ஒரே ஆசிரியர் நாற்பது பேரையும் படிக்க வைக்க வேறு வழிமுறை அவருக்குக் கிடைக்கவில்லை. மூன்றாம் வகுப்புக்குப் பிறகு எந்தக் குழந்தையின் வாசிப்பையும் யாரும் தனியாகக் கேட்டுப் பார்ப்பதும் இல்லை. இதுதான் நாம் தேடிய இடம். இது பள்ளியின் கையில் இருக்கிறது, நாளைக்கே மாற்றத் தொடங்கலாம்.

வறுமை, வீட்டுச் சூழல், இடம்பெயர்வு எல்லாம் உண்மையான காரணங்கள்தான். அவற்றைத் திட்டத்தில் குறிப்பிடுங்கள், ஆனால் தனியே எழுதுங்கள். பள்ளிக்குள் நாம் மாற்றக்கூடிய காரணங்களின் மேல்தான் திட்டம் நிற்க வேண்டும்.

படி 4: மூன்றைத் தேர்ந்தெடுத்தல்

இந்தக் கட்டத்தில் உங்கள் கையில் பத்துப் பன்னிரண்டு பிரச்சினைகள் இருக்கும். எல்லாமே முக்கியமாகத்தான் தெரியும். ஒவ்வொன்றுக்கும் மூன்று கேள்விகள் கேளுங்கள். எத்தனை குழந்தைகளை, எவ்வளவு ஆழமாகப் பாதிக்கிறது? சரி செய்தால் வேறு எதுவும் சேர்ந்து சரியாகுமா? நம்மால் முடியுமா? வாசிப்பு இரண்டாவது கேள்வியில் எப்போதும் முன்னால் வந்துவிடும். அறிவியலும் வரலாறும் கணக்கும் அதன்மேல்தான் நிற்கின்றன.

மூன்றுக்கு மேல் ஏன் வேண்டாம் என்று கேட்பவர்களுக்கு நேரக் கணக்கைக் காட்டுங்கள். வாரம் ஒரு மணி நேரம் ஆசிரியர் கூட்டம் என்றால் 40 வாரத்துக்கு 40 மணி. தேர்வு, விழா, எதிர்பாராத வேலைகளுக்கு 12 மணி போகும். மீதி 28இல் பாதி அறிவிப்புகளுக்கும் நிர்வாக விஷயங்களுக்கும் போகும். இருப்பது 14 மணி. ஒரு புதிய கற்பித்தல் முறையை அறிமுகப்படுத்த இரண்டு மணி, பிறகு எட்டு மாதத்துக்கு மாதம் ஒரு மணி கலந்துபேச என்றால் அதற்கே 10 மணி. இரண்டாவது முன்னுரிமைக்கே நேரம் போதவில்லை என்பது தாளில் தெரியும்.

ஆகவே முன்னுரிமைப் பட்டியல் போடும்போதே, நிறுத்தப் போகும் வேலைகளின் பட்டியலையும் போட வேண்டும். அறிவிப்புகளைக் கூட்டத்தில் வாசிக்காமல் எழுத்தில் அனுப்பிவிடலாம். ஒரே தகவலைக் கேட்கும் இரண்டு பதிவேடுகளில் ஒன்றை நிறுத்தலாம். யாரும் பார்க்காத வாராந்திர அறிக்கைகளை விட்டுவிடலாம். நான் பார்த்தவரை திட்டமிடலிலேயே கடினமான பகுதி இதுதான், தலைமை ஆசிரியரின் துணிவு தேவைப்படும் பகுதியும் இதுதான். எதையும் நிறுத்தாமல் புதிதாக மூன்று சேர்த்தால், ஆசிரியர்கள் தாங்களாகவே எதையாவது விட்டுவிடுவார்கள். பெரும்பாலும் விடப்படுவது புதியதாகத்தான் இருக்கும்.

படி 5: இலக்கை எழுதுதல்

‘ஸ்மார்ட்’ இலக்கு என்று எல்லாப் பயிற்சிகளிலும் சொல்லித் தருகிறார்கள். 1981இல் ஒரு மேலாண்மை இதழில் ஜார்ஜ் டோரன் எழுதிய கட்டுரையிலிருந்து வந்த சொல் அது; திட்டவட்டமானது, அளக்கக்கூடியது, பொறுப்பாளர் உள்ளது, நடக்கக்கூடியது, காலவரம்பு உள்ளது என்ற ஐந்து அம்சங்களின் ஆங்கில முதலெழுத்துகள் சேர்ந்தது. எல்லா இலக்குக்கும் ஐந்து அம்சங்களும் பொருந்தியே தீர வேண்டும் என்று அவரே சொல்லவில்லை. பள்ளிக்கு வேண்டியது நான்குதான்: யார், இப்போது எங்கே, எங்கே போக வேண்டும், எப்போதுக்குள்.

‘வாசிப்புத் திறனை மேம்படுத்துதல்’ என்பது ஆசை. இலக்கு இப்படி இருக்கும்: ‘ஆறாம் வகுப்பின் 80 மாணவர்களில், வகுப்புக்கு உரிய பத்தியைப் படித்து ஐந்து கேள்விகளில் நான்குக்குச் சரியாகப் பதில் சொல்பவர்கள் இப்போது 31 பேர், ஆண்டு இறுதியில் 55 பேர். ஒரு வாக்கியத்தைக்கூடத் தடையின்றிப் படிக்க முடியாதவர்கள் இப்போது 14 பேர்; ஆண்டு இறுதியில் 3 பேருக்கு மேல் இருக்கக் கூடாது.’

இரண்டாவது வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். முதல் எண்ணை மட்டும் வைத்தால், கோட்டுக்குச் சற்றுக் கீழே இருப்பவர்களைத் தள்ளி மேலே ஏற்றிவிட்டு எண்ணைக் காட்டிவிடலாம்; கடைசி வரிசை அப்படியே இருக்கும். ஓர் அளவீட்டின் மேல் அழுத்தம் கூடக்கூட அந்த அளவீடே வளைந்துபோகும், அது அளக்க வந்த வேலையும் கெடும் என்று அமெரிக்கச் சமூக அறிவியலாளர் டொனால்ட் கேம்ப்பெல் 1970களிலேயே எச்சரித்தார். அதனால் ஒவ்வொரு முன்னுரிமைக்கும் ஒன்றுக்கு இரண்டு அளவீடுகள் வையுங்கள். அதில் ஒன்று, மிகவும் பின்தங்கிய குழந்தைகளைப் பற்றியதாக இருக்கட்டும்.

படி 6: என்ன செய்யப் போகிறோம், அது ஏன் பலன் தரும்?

ஒவ்வொரு முன்னுரிமைக்கும் ஒரு சங்கிலி எழுதுங்கள். நாம் இதைச் செய்தால், வகுப்பறையில் இது மாறும். அது மாறினால், குழந்தைகளிடம் இது மாறும். நம் பள்ளியில்: தினமும் முதல் பாடவேளையில் 15 நிமிடம் இருவர் இருவராக வாசிப்பு. ஒருவர் படிப்பார், மற்றவர் விரல் வைத்துப் பின்தொடர்ந்து திருத்துவார், பிறகு மாற்றிக்கொள்வார்கள். அந்த நேரத்தில் ஆசிரியர் ஒரு நாளைக்கு ஐந்து பேரைத் தனியாகக் கேட்பார். நாற்பது பேரும் எட்டு வேலை நாளில் ஒரு சுற்று முடிந்துவிடுவார்கள். வாரம் இரண்டு பாடவேளையில் ஆறு பேர் வாசித்த இடத்தில், எல்லோரும் தினமும் ஏழு நிமிடமாவது வாசிக்கிறார்கள்.

சங்கிலியில் எங்காவது ‘விழிப்புணர்வு ஏற்படுத்துதல்’, ‘ஊக்குவித்தல்’ மாதிரியான சொற்கள் வந்தால் நிறுத்தி, திங்கட்கிழமை காலை யார் என்ன செய்வார் என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் அந்த வரியை அடித்துவிடலாம்.

மாற்றம் பெரிதாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970களில் வகுப்பறை ஒலிப்பதிவுகளை ஆராய்ந்தபோது, ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டுச் சராசரியாக ஒரு நொடிதான் காத்திருக்கிறார்கள் என்று கண்டார். அதை மூன்று நொடிக்கு மேல் நீட்டியபோது மாணவர்களின் பதில்கள் நீண்டன, பதிலே சொல்லாமல் இருந்தவர்களும் பேசத் தொடங்கினார்கள். செலவே இல்லாத, கண்ணால் பார்த்து உறுதி செய்யக்கூடிய மாற்றம். திட்டத்தில் இப்படிப்பட்டவை இருப்பது நல்லது.

அப்புறம், ஆண்டு இறுதி இலக்கு வரை காத்திருக்காமல், வழியிலேயே தெரியும் அடையாளங்களையும் குறித்துவையுங்கள். வாரத்தில் எத்தனை நாள் இணை வாசிப்பு நடந்தது? தனியாகக் கேட்ட பதிவு எத்தனை பேருக்கு இருக்கிறது? மாதம் ஒருமுறை ஒரு நிமிட வாசிப்பில் ஒரு குழந்தை எத்தனை சொற்களைச் சரியாகப் படிக்கிறது? மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஸ்டான்லி டெனோவும் அவருடைய குழுவும் 1970களின் பிற்பகுதியிலிருந்து வளர்த்த எளிய அளவு இது. ஆங்கிலத்துக்குப் போட்ட நிமிடக் கணக்குகளை மட்டும் அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். தமிழில் ஒரு சொல்லுக்குள் பல ஆங்கிலச் சொற்களின் பொருள் அடங்கியிருக்கலாம். குழந்தையின் போன மாத எண்ணோடு இந்த மாத எண்ணை ஒப்பிட்டால் போதும்.

படி 7: செயல்திட்டம்

ஒவ்வொரு முன்னுரிமைக்கும் ஒரு பக்கம். அதில் கட்டங்கள் ஐந்து: என்ன வேலை, யார் பொறுப்பு, எந்தத் தேதிக்குள், என்ன செலவு, நடந்தது என்பதற்கு எதைப் பார்ப்போம். பொறுப்பு என்ற கட்டத்தில் ஒரே ஒரு பெயர் எழுதுங்கள். ‘அனைத்து ஆசிரியர்களும்’ என்று எழுதினால் யாரும் பொறுப்பில்லை என்று பொருள். தேதியும் அப்படியே. ‘முதல் பருவத்துக்குள்’ என்பதைவிட நாள், மாதம் போட்டு எழுதுவது மேல்.

பயிற்சிக்கு ஒரு நாள் பட்டறை போட்டுவிட்டு முடித்துவிடாதீர்கள். ஆசிரியர் பயிற்சியை ஆராய்ந்த புரூஸ் ஜாய்சும் பெவர்லி ஷவர்ஸும், விளக்கம் கேட்பதாலும் செய்துகாட்டுவதைப் பார்ப்பதாலும் மட்டும் ஒரு முறை வகுப்பறைக்குள் போய்ச் சேராது, உடனிருந்து துணை செய்யும் சக ஆசிரியர் வேண்டும் என்று வலியுறுத்தினார்கள். நடைமுறையில் இதற்குப் பெரிய ஏற்பாடு வேண்டாம். இரண்டு இரண்டு ஆசிரியர்களாகச் சேர்ந்து, மாதம் ஒருமுறை ஒருவர் வகுப்பில் மற்றவர் இருபது நிமிடம் உட்கார்ந்து, பிறகு பத்து நிமிடம் பேசட்டும். அந்த முப்பது நிமிடத்துக்கு மாற்று ஆசிரியர் யார் என்பதைக் கால அட்டவணையில் முன்கூட்டியே போட்டுவிடுங்கள். போடாவிட்டால் அது நடக்காது.

முழுப் பள்ளியிலும் ஒரே நாளில் தொடங்குவதைவிட, விருப்பமுள்ள இரண்டு ஆசிரியர்களின் வகுப்பில் மூன்று வாரம் செய்து பாருங்கள். திட்டமிடு, செய், ஆராய், திருத்து என்ற இந்தச் சுழற்சி அமெரிக்கத் தரக்கட்டுப்பாட்டு நிபுணர்களான வால்டர் ஷூவார்ட்டிடமிருந்தும் எட்வர்ட்ஸ் டெமிங்கிடமிருந்தும் தொழிற்சாலைகளுக்கு வந்தது. பள்ளிகளுக்குள் அதைக் கொண்டுவந்தவர்களில் முன்னே குறிப்பிட்ட பிரைக் முக்கியமானவர். மூன்று வாரத்திலேயே எத்தனையோ தெரியவரும். மிகவும் பின்தங்கியவரையும் மிகச் சிறந்தவரையும் இணை சேர்த்தால் இருவருக்கும் சலிக்கிறது, வரிசையில் நடுவே உள்ளவரோடு சேர்த்தால் நடக்கிறது. ஜோடியில் ஒருவர் வராத நாளில் மூவராக உட்கார வைக்கலாம். இவற்றைத் திருத்திக்கொண்டு மற்ற வகுப்புகளுக்குப் போனால், அங்கே ஆரம்பிப்பவர்களுக்கு முதல் வாரம் தடுமாற்றம் இருக்காது.

செலவைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. முதலில் முன்னுரிமை, பிறகு பணம் என்ற வரிசை மாறக் கூடாது. நிதி வந்திருக்கிறதே என்று கருவி வாங்கி, அதற்கு ஏற்ற இலக்கைப் பின்னால் எழுதுவது பல இடங்களில் நடக்கிறது.

படி 8: வரைவை எல்லோரிடமும் காட்டுதல்

முழுத் திட்டம் பத்துப் பக்கத்துக்குள் முடியட்டும். அதிலிருந்து பெற்றோருக்கு ஒரு பக்கம் தனியாக, கலைச்சொல் எதுவும் இல்லாமல் எழுதுங்கள். ஆசிரியர்களிடம் வரைவைக் கொடுத்து ‘கருத்து உண்டா’ என்று கேட்டால் அமைதிதான் பதிலாக வரும். ‘இது உங்கள் வகுப்பில் நடக்காமல் போவதற்கு எது காரணமாக இருக்கும்?’ என்று கேளுங்கள். எழுதித் தரச் சொல்லுங்கள். அந்தத் தாள்களில் வருபவை திட்டத்தின் உண்மையான ஓட்டைகள்.

ஆண்டு பாதி கடந்த பிறகு, வழியில் போகும் எந்த ஆசிரியரையும் நிறுத்தி ‘இந்த ஆண்டு நம் பள்ளியின் முன்னுரிமைகள் என்ன’ என்று கேட்டால் யோசிக்காமல் சொல்ல வேண்டும். சொல்ல முடியாவிட்டால் ஆவணம் நீளமாக இருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

படி 9: மாதம் ஒருமுறை நாற்பத்தைந்து நிமிடம்

மற்ற எல்லாப் படிகளும் சுமாராக அமைந்து இந்த ஒன்று மட்டும் ஒழுங்காக நடந்தாலே பள்ளி நகரும். ஆண்டு முழுவதற்குமான ஆய்வுக் கூட்டத் தேதிகளைப் பள்ளி திறக்கும் முன்பே நாட்காட்டியில் போட்டுவிடுங்கள். வேறு எந்த வேலைக்காகவும் அந்தத் தேதியை நகர்த்தாதீர்கள். ஒரு கூட்டத்தில் ஒரு முன்னுரிமை மட்டும். முதல் பத்து நிமிடம் எண்களையும் மாணவர் நோட்டுகளையும் மேசையில் வைத்து எல்லோரும் பார்ப்பது. கருத்துச் சொல்வது அதற்குப் பிறகு. அடுத்த இருபது நிமிடம் என்ன நடக்கிறது, ஏன் என்ற பேச்சு. கடைசிப் பதினைந்து நிமிடத்தில் அடுத்த மாதத்துக்குள் மாற்றப் போகும் ஒன்றிரண்டு விஷயங்களை முடிவு செய்து, பெயரோடும் தேதியோடும் எழுதுவது.

எண் நகரவில்லை என்றால் மூன்று கேள்விகளை இதே வரிசையில் கேளுங்கள். சொன்னபடி நடந்ததா? நடந்தது என்றால், நன்றாக நடந்ததா? நன்றாகவும் நடந்தது என்றால், வழியே தவறா? நம் பள்ளியில் இரண்டாம் மாதம் வாசிப்பு எண் அசையவில்லை என்று வைத்துக்கொள்வோம். பதிவைப் பார்த்தால் ஒரு பிரிவில் வாரம் ஐந்து நாளும் நடந்திருக்கிறது, இன்னொரு பிரிவில் இரண்டு நாள்தான், ஏனென்றால் காலை வழிபாடு நீண்டு முதல் பாடவேளையைத் தின்றுவிடுகிறது. இங்கே முறையை மாற்ற ஒன்றுமில்லை, நேரத்தை மதியத்துக்கு மாற்றினால் போதும். முதல் கேள்வியைக் கேட்காமலே மூன்றாவதற்குத் தாவும் பள்ளிகள், நல்ல முறைகளை வேலை செய்யவிடாமலே கைவிட்டு, ஆண்டுக்கு ஒரு புதுத் திட்டம் என்று அலைகின்றன.

தொடக்கத்தில் சற்றுச் சரிவும் வரலாம். பழகிய முறையை விட்டுப் புதியதற்குப் போகும்போது சில மாதம் செயல்பாடு இறங்கும் என்பதைக் கனடாவின் கல்வி ஆய்வாளர் மைக்கேல் ஃபுல்லன் ‘நடைமுறைச் சரிவு’ என்றே பெயரிட்டு விளக்கியிருக்கிறார். இதை முன்கூட்டியே எல்லோருக்கும் சொல்லிவைத்தால் மூன்றாவது மாதத்தில் யாரும் பதற மாட்டார்கள்.

படி 10: ஆண்டு இறுதியும் ஒப்படைப்பும்

ஆண்டு முடியும்போது ஒவ்வொரு முன்னுரிமைக்கும் மூன்றில் ஒரு முடிவு எடுங்கள். ஒன்று, பழக்கமாகிவிட்டது, இனி திட்டத்தில் இருக்கத் தேவையில்லை; இரண்டு, இன்னும் ஓர் ஆண்டு தொடர வேண்டும்; மூன்று, நிறுத்துகிறோம். இடம் காலியானால் மட்டுமே படி 4இல் தேர்ந்தெடுக்காமல் ஒதுக்கிவைத்த பிரச்சினைகளிலிருந்து அடுத்ததை எடுங்கள். 55 பேர் என்ற இலக்குக்கு 49 பேர் வந்திருந்தால் அதை மறைக்காமல் பெற்றோருக்கான ஒரு பக்கத் தாளில் எழுதுங்கள், 31இலிருந்து வந்ததையும் சேர்த்து.

தலைமை ஆசிரியர் மாறினால் திட்டமும் மாறிப்போவது பெரிய இழப்பு. பொறுப்பு ஒப்படைக்கும் கோப்பில் திட்டத்தோடு ஆய்வுக் கூட்டக் குறிப்புகளும், முயன்று பார்த்துக் கைவிட்டவை எவை, ஏன் என்ற ஒரு பக்கமும் இருக்கட்டும். புதிதாக வருபவர் அதே கதவுகளை மறுபடி தட்டிப் பார்க்கத் தேவையிராது. வாசிப்புப் பதிவேட்டை மட்டும் கோப்பில் வைக்காமல் ஏழாம் வகுப்பு ஆசிரியர் கையில் கொடுத்துவிடுங்கள். முதல் நாளே யாரை அருகில் உட்கார வைத்துக் கேட்க வேண்டும் என்று அவருக்குத் தெரிய வேண்டும்.